மைக்கை ஆஃப் பண்ணிக் கையில் கொடுத்துவிட்டு ‘பாடு’ என்கிறார்கள்

ஆண்டு விழா முடிந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் இதயமும் கைதட்டலுமாக வந்து விழுந்துகொண்டிருக்கிறது. ‘சூப்பர் மியூசிக்கல்!’ ‘கிட்ஸ் சிங்கிங் வேற லெவல்!’ எந்த கிட்ஸ், எந்த சிங்கிங் என்று கேட்டு டைப் பண்ணிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். அந்த இசை நாடகத்தில் மேடை ஏறிய முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் ஒரு பிள்ளைகூட ஒரு வரி பாடவில்லை. எனக்குத் தெரியாதா என்ன? அந்தப் பள்ளியின் பாட்டு மிஸ்ஸே நான்தான்.

ஒலித்தது பென் டிரைவ். பாடியவர் யாரோ, எந்த ஊரோ. எங்கள் பிள்ளைகள் வாயை அசைத்தார்கள், பாதிப் பேர் அதையும் மறந்துவிட்டு அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

தனியார் தொடக்கப் பள்ளியில் பாட்டு வகுப்பு எப்படி நடக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒரு பீரியட், நாற்பது நிமிஷம். வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகள். ஆளுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேறாது. அதிலும் கணக்கு மிஸ்ஸுக்கு போர்ஷன் முடியவில்லை என்றால், “மிஸ், இன்னைக்கு உங்க பீரியட எனக்குக் குடுத்துடுங்களேன்” என்று வாசலில் வந்து நிற்பார். யாராவது லீவு போட்டால் சப்ஸ்டிட்யூஷனுக்கு முதலில் அனுப்பப்படுவதும் பாட்டு மிஸ்தான். தனி அறை கிடையாது. சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஏறி இறங்க வேண்டும். பிள்ளைகள் வாய் திறந்து இரண்டு நிமிஷம் ஆவதற்குள் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வரும்: “டிக்டேஷன் போயிட்டிருக்கு, கொஞ்சம் சத்தமில்லாம பாடச் சொல்லுங்க மிஸ்.” சத்தமில்லாமல் எப்படிப் பாடுவது? அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பெயர்தான் ஆண்டு விழா.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த நாற்பது நிமிஷத்தில் நடக்கிற விஷயம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் யாருக்கும் மனசு வராது நிறுத்த. இரண்டாம் வகுப்பில் போய் முதல் நாளே “ஸ ரி க ம” என்று ஆரம்பிப்பதில்லை நான். தெருவில் கீரைக்காரம்மா எப்படிக் கூவுவார் என்று கேட்பேன். “கீரேஏஏய்” என்று வகுப்பே கூவும். எங்கே ஆரம்பித்தது, எங்கே ஏறியது, எங்கே நின்றது என்று கையால் காற்றில் கோடு போடச் சொல்வேன். அப்புறம் குயில். அப்புறம் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று அதோடு ஒட்டச் சொல்வேன். முதல் வாரம் நாற்பத்தைந்தும் நாற்பத்தைந்து பக்கம் போகும். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது பாருங்கள், திடீரென்று ஒரு நாள் வகுப்பு முழுக்க ஒரே சுருதியில் வந்து நிற்கும். நின்றது அவர்களுக்கே தெரியும். கண்ணை அகல விரித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ‘இவனுக்குச் சுருதியே சேராது’ என்று ஏழு வயதில் முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் குறை காதிலும் இல்லை, தொண்டையிலும் இல்லை. சேர்த்துப் பார்க்க யாரும் அவகாசம் தரவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது தீபாவளி லீவு முடியும். கரஸ்பாண்டண்ட் சார் லீவில் எதையாவது யூடியூபில் பார்த்திருப்பார். இந்த வருஷம் பார்த்தது மியூசிக்கல். “மிஸ், தனித்தனி டான்ஸ் எல்லாம் வேண்டாம். ஒரே கதை, பாட்டாவே போகணும். பிராட்வே மாதிரி.” உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. காட்டில் சுனை வற்றிப்போய் மிருகங்கள் தண்ணீர் தேடிப் போகிற கதை ஒன்று எழுதினேன். கும்மி மெட்டில் ஒன்று, தாலாட்டு மெட்டில் ஒன்று, ஒயிலாட்ட நடையில் ஒன்று என்று ஆறு சின்னப் பாட்டு. ஒவ்வொன்றும் ஐந்து, ஆறு சுரத்தைத் தாண்டாது. பிள்ளைகள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். வேன் அங்கிள்கூட அந்தத் தாலாட்டை முணுமுணுக்கிறார் என்று சொன்னார்கள்.

அடுத்த வாரம் மாஸ்டர் வந்தார். வெளியிலிருந்து காசு கொடுத்துக் கூட்டி வந்த கொரியோகிராஃபர். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு நான்கு பள்ளிக்கூடம், நான்கிலும் இதே கதை. என் பாட்டைக் கேட்டுவிட்டு, “பீட் பத்தாது மேடம்” என்றார். மறுநாள் பென் டிரைவ் வந்தது. சுனை போய்விட்டது, காடு மட்டும் மிஞ்சியது. ஆறு பாட்டுக்கும் பதிலாக ஆறு சினிமாப் பாட்டு.

சரி, சினிமாப் பாட்டே ஆகட்டும், பாடட்டுமே என்றால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இதை எந்த நிர்வாகத்துக்கும் புரிய வைக்க முடியவில்லை. அந்தப் பாட்டெல்லாம் வளர்ந்த ஆம்பளைக் குரலுக்குப் போட்டது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று அளப்போம்; அது ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிற்கும். கீழே ஆழத்தில் ஆரம்பித்து உச்சிக்குப் போகும், ஒன்றரை ஸ்தாயி அகலம் இருக்கும் (கீழ் ‘ஸ’விலிருந்து மேல் ‘ஸ’ வரை ஒரு ஸ்தாயி). என் பிள்ளைகளுக்கு வசதியான சுருதி ஐந்து, ஐந்தரைக் கட்டை. அவர்கள் அலுங்காமல் பாடக்கூடிய அகலம் ஒரு ஸ்தாயிக்குள்தான். அந்த டிராக்கோடு பாடச் சொன்னால் என்ன ஆகும்? கீழ் வரியில் குரலே எட்டாது, முணுமுணுப்பார்கள். அதையே ஒரு ஸ்தாயி ஏற்றிப் பிடித்துக்கொண்டால், பாட்டு உச்சிக்குப் போகிற இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். ஆறு வயசுத் தொண்டை. நான்கு நாள் ஒத்திகையில் கட்டிக்கொண்டு காற்றுதான் வரும். “டிராக்கையாவது சுருதி மாத்திக் குடுங்க, கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை” என்று கெஞ்சினேன். மாற்றினால் ஒரிஜினல் மாதிரி இருக்காதாம். அப்புறம் என்ன? “வாயை மட்டும் அசைச்சா போதும், பாட வேண்டாம்.” பிரச்சினை தீர்ந்தது!

அப்புறம்தான் மைக் வந்தது. குரங்கு வேஷம் போட்ட இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். வாடகைக் கடை டிரெஸ், வால் கழன்று கழன்று விழ, அவன் அம்மா இரண்டு ஊக்கு போட்டுக் குத்தி அனுப்பியிருந்தார். முன் வரிசை ஆள் என்பதால் அவன் கையில் ஒரு மைக் கொடுத்தார்கள். வாங்கியவுடன் தட்டிப் பார்த்தான். ஊதிப் பார்த்தான். பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்த என்னிடம் ஓடி வந்து, “மிஸ், மைக்கு வேலை செய்யல, வேற குடுங்க” என்றான். பதிலை மாஸ்டர் சொன்னார்: “அது வேலை செய்யாதுடா தம்பி. நீ ஆக்‌ஷன் மட்டும் குடு.” அவனுக்குப் புரியவில்லை. “அப்ப எதுக்கு மிஸ் மைக்கு?” என்று என்னைப் பார்த்தான். நான் என்ன பதில் சொல்ல? சுருதி சேராது என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் அவனும் ஒருவன். நவராத்திரிக்கு முன்னால்தான் சேர்ந்திருந்தது.

பிள்ளைகளை நிஜமாகப் பாட வைத்தால் சுருதி விலகும், பெற்றோர் சிரிப்பார்கள் என்பது பிரின்சிபல் மேடத்தின் வாதம். சிரிக்கட்டுமே! ஏழு வயசுப் பிள்ளை பாடும்போது சற்று விலகினால் குடியா மூழ்கிவிடும்? இதே மேடம் ஸ்போர்ட்ஸ் டேயில் ஒரு பிள்ளை தடுக்கி விழுந்து எழுந்து ஓடினால் கண் கலங்கிக் கைதட்டுவார். அங்கே மட்டும் நிஜ ஓட்டம்தான் வேண்டும்.

விழா ஆரம்பத்தில் ஒரு சின்னச் சண்டை போட்டு ஜெயித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்த்தாய் வாழ்த்தையும் பென் டிரைவில்தான் போடுவதாக இருந்தார்கள். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையைத் திறந்து காட்டினேன். முல்லைப்பாணி, அதாவது மோகன ராகம், திசுர நடை, அதாவது மூன்று மூன்றாகப் போகிற தாளம், 55 விநாடி. அதோடு இன்னொன்றும் அதில் இருக்கிறது: ஒலிப்பதிவைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்று. அரசாணை என்றதும் கரஸ்பாண்டண்ட் சார் ஒன்றும் பேசவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஆன் பண்ணிய மைக்கில் பாடினார்கள். மோகனத்தில் ஐந்தே சுரம், பிள்ளைக் குரலில் அப்படிப் பொருந்தும். மூன்று மணி நேர விழாவில் பிள்ளைகளின் குரல் வெளியே கேட்டது அந்த 55 விநாடிதான். சரி, கூட ஐந்தாறு விநாடி இழுத்துவிட்டார்கள், இருக்கட்டும்.

இந்த ஊருக்கு இசை நாடகம் என்ன புதிதா? 1918-இல் மதுரையில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவை நடத்தியபோது, மேடையில் நின்றவர்கள் முக்கால்வாசியும் சிறுவர்கள். பின்னாளில் பெரிய நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பொடியன்களாகச் சேர்ந்தவர்கள்தான். மைக் கிடையாது, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொந்தக் குரலில் விடிய விடியப் பாடினார்கள். அந்தக் காலத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாட வரவில்லை. பாய்ஸ் கம்பெனிகளில் அடியும் உதையும் பட்ட கதைகள் ஏராளம். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையன்கள் பாடு அதைவிட மோசம், நேற்றுவரை ராஜபார்ட் போட்டவனுக்கு மறுநாள் வேஷம் இருக்காது. ஆனால் குரல் உடைந்தால் பிழைப்புப் போகும் அளவுக்கு அங்கே குரலுக்கு மதிப்பு இருந்தது. என் பிள்ளைகளுக்கு மகரக்கட்டு வர இன்னும் ஆறேழு வருஷம் இருக்கிறது. அதற்குள் வாயை அடைத்தாகிவிட்டது.

விழா அன்றைய கூத்தைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். மதியம் இரண்டு மணிக்கே மேக்கப். ஐந்து மணி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர், ஒரு சீரியல் நடிகர், ஏழுக்கு வந்தார். அதுவரை யுகேஜி வாண்டுகள் முகத்தில் புலிக்கோடு போட்டுக்கொண்டு, தொட்டால் அழிந்துவிடும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தன. இரண்டு மான்களும் ஒரு மரமும் தூங்கியே போய்விட்டன. பிறகு ஆண்டறிக்கை. பொன்னாடை. பரிசளிப்பு. விருந்தினர் தன் பள்ளிப் பருவத்தைப் பற்றி முக்கால் மணி நேரம். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், அது சட்டம். அப்போது எதை வெட்டுவார்கள்? பொன்னாடையையா வெட்டுவார்கள்? ஐந்தாவது பாட்டைத் தூக்கினார்கள். அதற்காக ஆறு வாரம் வெயிலில் நின்ற ஒன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவு மேடைக்குப் பின்னாலேயே வேஷத்தைக் கழற்றியது. டிரெஸ்ஸுக்கு ஆளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் கட்டியிருந்த பெற்றோர் மறுநாள் யாரிடம் வந்து சத்தம் போட்டார்கள் என்று கேளுங்கள். என்னிடம்!

பின்னணியில் எல்இடி வால் வைத்திருந்தார்கள். அதன் ஒரு நாள் வாடகையில், துருத்தி கிழிந்து மூன்று வருஷமாக ஸ்டோர் ரூமில் கிடக்கிற ஆர்மோனியத்தைச் சரி பண்ணி, கூட ஒரு புதுசும் வாங்கியிருக்கலாம்.

தனியார் பள்ளி அப்படித்தான், சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் கலைக்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் என்று ஒரு வரி உண்டு. ஆனால் அது ஆறு முதல் எட்டு வரை, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தமிழ்நாட்டில் 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்துக்கு மூன்று அரை நாள் என்று பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, அவர்களும் அந்த வகுப்புகளுக்குத்தான். ஒன்று முதல் ஐந்து வரை பாட்டுக்கென்று ஆள் வேண்டும் என்று அந்த அட்டவணையில் எங்கும் இல்லை. காது திறந்திருக்கிற வயசு அதுதானே ஐயா! ஆறாம் வகுப்பில் போய் ஆரம்பித்து, ஏழில் மகரக்கட்டு வந்து நிற்பதற்கா?

நான் மாற்று வழி சொல்லாமலும் இல்லை. பெரிய மேடை வேண்டாம். ஒவ்வொரு வகுப்பும் அவரவர் வகுப்பறையில் பத்து நிமிஷ நாடகம், அவர்கள் சுருதியில், அவர்கள் குரலில். ஒரு சுருதிப் பெட்டி, ஒரு கஞ்சிரா. பெற்றோர் பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும். ஒத்திகைக்கு என் பீரியட் போதும், யாருடைய போர்ஷனும் கெடாது. பின் வரிசை என்று ஒன்றே இருக்காது, எந்த அம்மாவும் “என் பொண்ணு ஏன் மரம்?” என்று சண்டைக்கு வர வேண்டாம். எழுதியே கொடுத்தேன். பிரின்சிபல் மேடம் படித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா அடுத்த மாசம் அட்மிஷன். வகுப்பறைக்குள்ள நடந்தா ட்ரோன்ல எப்படி எடுக்கறது? வீடியோ வேணும்ல.”

அட்மிஷனுக்குத்தான் என்றால் அழைப்பிதழில் அதையே போட்டுத் தொலையுங்கள். பிள்ளைகளின் இசை நாடகம் என்று என் பெயரைக் கீழே அச்சடிக்காதீர்கள். அடுத்த வருஷத்துக்கு தீம் சங்ககாலமாம், ஐந்திணையும் வேண்டுமாம். சர்க்குலர் வந்துவிட்டது, பாட்டு லிஸ்ட்டை வெள்ளிக்கிழமைக்குள் மாஸ்டருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பப் போவதில்லை. முதலில் எத்தனை மைக் ஆன் ஆகும் என்று எழுத்தில் கொடுக்கட்டும்.