கர்த்தர் சொன்னாரா, நீங்கள் சொல்கிறீர்களா?

சபைக் கூட்டத்தில் எந்த விவாதத்தையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவைக்கத் தெரிந்த தலைவர்கள் உண்டு. "இது கர்த்தர் எனக்குக் கொடுத்த தரிசனம்." அதற்குமேல் யார் வாய் திறப்பார்கள்? கட்டடத்துக்கு ஆகும் செலவைக் கேட்டால்கூடக் கடவுளையே கேள்வி கேட்டதாகிவிடும். கணக்கு கேட்க எழுந்த மூப்பரும் 'ஆமென்' சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

இப்படிப் பேசுகிறவர்கள் வேதாகமத்தில் 2 சாமுவேல் 7-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். அங்கேயும் கட்டட விவகாரம்தான். ஆலயம் கட்ட வேண்டும் என்ற தாவீதின் எண்ணத்தைக் கேட்டவுடன், மனதில் இருக்கிறபடி செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறார் நாத்தான். தீர்க்கதரிசி சொல்லிவிட்டார், ராஜாவுக்கும் அதுதான் ஆசை. ஆனால் அன்று இரவே கர்த்தருடைய வார்த்தை வேறுவிதமாக வருகிறது. நாத்தான் திரும்பிப் போய், தாம் சொன்னதற்கு நேர்மாறானதை அதே ராஜாவிடம் சொல்கிறார். மானம் போய்விடுமே என்று மழுப்பவில்லை. பிற்பாடு, பிறன் மனைவியான பத்சேபாளைத் தாவீது எடுத்துக்கொண்ட விஷயத்தில் "நீயே அந்த மனுஷன்" என்று தாவீதின் முகத்துக்கு நேரே சொன்னவரும் இவரே. தன் வார்த்தையைத் திரும்பப் பெறத் துணிந்தவருக்குத்தான் அந்தத் துணிச்சலும் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பவுலும் 1 கொரிந்தியர் 7-இல் கர்த்தருடைய கட்டளை எது, தம்முடைய அபிப்பிராயம் எது என்று பிரித்தே எழுதுகிறார். அப்போஸ்தலருக்கே தேவைப்பட்ட அந்த வேறுபாடு இன்றைய போதகர்களுக்கு வேண்டாமாம்!

உடனே ஒரு வசனம் வரும்: "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..." அந்த 105-ஆம் சங்கீதம் யாரைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். சொற்பப் பேராய், பரதேசிகளாய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்ற முற்பிதாக்களைப் பற்றி. அந்த எச்சரிக்கை போனது ராஜாக்களுக்கு. அதிகாரமற்றவர்களைக் காத்த வசனம் இன்று நாற்காலியில் இருப்பவருக்குக் கேடயமாகிவிட்டது.

தலைவர் தடுமாறினால் மந்தை சிதறிப்போகும் என்பார்கள். விசுவாசப் பிரமாணத்தில் அவர் உறுதியாகவே நிற்கட்டும். எந்த மாதத்தில் கட்டடம் தொடங்குவது, யாரைப் பொருளாளராக்குவது என்பதற்கெல்லாம் வெளிப்பாடு எதற்கு?

மறுபக்கமும் உண்டு. பணம் காணாமல் போயிருக்கிறது, பொறுப்பில் இருப்பவர்மேல் ஒரு பெண் புகார் சொல்கிறாள். அப்போது மட்டும் "ஜெபித்துப் பார்ப்போம்" என்று மாதக்கணக்கில் இழுப்பதைத் தாழ்மை என்று சொல்லாதீர்கள். அது கோழைத்தனம். அதேபோல, பிரசங்க பீடத்தில் "நான் வெறும் தூசி" என்று சொல்வதற்குச் செலவே இல்லை. வேறொருவர் அவரைப் பார்த்து அதையே சொன்னால் அவர் முகம் எப்படிப் போகிறது என்பதில் அந்தத் தாழ்மை நிஜமா என்று தெரிந்துவிடும்.

6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த விதிகளின் 3-ஆம் அதிகாரத்தில், முக்கியமான காரியம் வந்தால் மடத்தில் உள்ள அனைவரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்கிறார். இளையவர்களுக்கே ஆண்டவர் பல நேரங்களில் நல்லதை வெளிப்படுத்துகிறார் என்பது அவர் தரும் காரணம். முடிவெடுக்கும் பொறுப்பு மடத்தலைவரிடமே இருக்கும். ஆனால் எல்லோரையும் கேட்ட பிறகுதான். இளைஞர்களைக் கூட்டத்துக்கு நாற்காலி போட மட்டும் கூப்பிடும் சபைகள் இந்த ஒரு விதியையாவது கடன் வாங்கலாம்.