அழுதா அதுல சிரிக்க என்னய்யா இருக்கு

ரெண்டு நாளாச்சு, இன்னும் ஆத்திரம் அடங்க மாட்டேங்குது, அதான் இங்க கொட்டறேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேரு சேர்ந்து தி இம்பாசிபிள் பார்த்தோம். 2012ல வந்த சுனாமி படம். நான் ஏற்கெனவே பார்த்தது, நான்தான் போடச் சொன்னேன், நல்ல படம்டா எல்லாரும் பாக்கணும்னு ஆசையா சொன்னேன். பாதிக்கு மேல ஒரு போன் சீன் வரும், அது வந்ததும் எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு, தொண்டை அடைச்சுது, தொடைச்சுக்கிட்டே திரும்பிப் பாக்கறேன், பக்கத்துல இருந்தவன் என் மூஞ்சிக்கு நேரா செல்லை நீட்டி வீடியோ எடுத்துட்டு இருக்கான். படம் முடியறதுக்குள்ள அதை வாட்ஸ்அப் குரூப்ல போட்டாச்சு. கீழ வரிசையா கண்ணுல தண்ணி வர சிரிக்கிற பொம்மை. நிஜமாவே கண்ணுல தண்ணி வந்தவன் நான், சிரிக்கிறது அவனுங்க.

"படம்தானடா, இதுக்குப் போயி அழுவியா?" இந்த ஒரு கேள்வியை வாழ்க்கையில எத்தனை தடவைதான் கேக்கறது. வெறும் படமாய்யா அது? 2004 டிசம்பர் 26, சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில 9.1 அளவுக்குப் பூமி அதிர்ந்து, 14 நாட்டுல 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல ஜனங்க செத்துப் போனாங்க. படத்துல வர்றது தாய்லாந்துல காவோ லாக்ங்கற எடத்துக்கு லீவுக்குப் போன ஒரு குடும்பத்தோட கதை. மரியா பெலோன்னு ஸ்பெயின் நாட்டு டாக்டர் அம்மா, அவங்க வீட்டுக்காரர், மூணு பசங்க, நெஜமாவே அலையில அடிச்சுட்டுப் போயி, ஆளுக்கொரு பக்கமா சிதறி, அஞ்சு பேரும் உயிரோட திரும்பக் கெடைச்சாங்க. படத்துல அவங்களை வெள்ளைக்கார இங்கிலீஷ் குடும்பமா மாத்திட்டாங்க, அங்கயே பொறந்து வளர்ந்து செத்த தாய்லாந்து ஜனங்களைப் பத்தி பெருசா ஒண்ணும் காட்டலைன்னு ஒரு குறை சொல்றாங்க பாருங்க, அது நியாயமான குறை, அதை வெச்சு என்கிட்ட சண்டை போடு, விடிய விடிய உக்காந்து பேசலாம். சண்டைக்குக் கூட நீ படத்தைப் பாக்கணும்ல? குனிஞ்ச தலை நிமிராம ரீல்ஸ் தள்ளிட்டு இருந்துட்டு, நடுவுல ஒரு தடவை தலையைத் தூக்கி "கடைசில எல்லாரும் பொழைச்சுக்குவாங்களா"ன்னு கேட்டவன்தான் என்னைப் பார்த்து மொதல்ல சிரிச்சவன்.

இன்னொண்ணு, எல்லாரும் தப்பாவே புரிஞ்சுக்கறாங்க. அலை வந்து அடிக்கிறப்ப நான் அழல. அப்ப பயந்தேன், சீட்டு நுனிக்கு வந்தேன், அவ்ளோதான். அழவெச்சது வேற. அந்த அம்மாவுக்குக் காலு கிழிஞ்சு சதை தொங்குது, பெரிய பையனும் அவங்களும் சேத்துல தட்டுத் தடுமாறி நடந்து போறாங்க, எங்கயோ ஒரு சின்னக் கொழந்தை அழற சத்தம் கேக்குது. பையன் வேணாம்மா, அடுத்த அலை வந்துடும், மரத்துல ஏறிடலாம்னு கெஞ்சறான். அவன் சொல்றதுல ஒரு தப்பும் இல்ல, அந்த வயசுல பயத்துல நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த அம்மா கேக்கல. அது உன் தம்பியா இருந்தான்னா, யாராவது போயி தூக்கணும்னு நெனைப்பியா மாட்டியான்னு கேட்டுட்டு அந்தக் காலோட திரும்பி நடக்கறாங்க. அப்புறம் மரத்து மேல உக்காந்துட்டு இருக்கறப்ப, அந்தக் கொழந்தை, யாரு பெத்த புள்ளையோ, வலியில முனகிட்டு இருக்கற அந்த அம்மாவைப் பிஞ்சுக் கையால மெல்லத் தடவிக் குடுக்கும் பாருங்க... அந்தக் கை ஒண்ணு போதாதா? இதுக்குக் கூட கண்ணு கலங்கலைன்னா வேற எதுக்குக் கலங்கறதா உத்தேசம்?

அந்த போன் சீன். அதைச் சொல்லாம விடமாட்டேன். பொண்டாட்டியையும் மூத்த மகனையும் காணாம அலைஞ்சிட்டு இருக்கற அப்பா, ராத்திரி, தப்பிச்சவங்க நாலஞ்சு பேரோட உக்காந்திருக்காரு. அதுல ஒருத்தர், அவரும் தன் குடும்பத்தைத் தேடிட்டு இருக்கறவர்தான், தன்னோட போனை எடுத்து நீட்டறாரு. சார்ஜ் போட எடமில்லாத ஊருல, தன் வீட்டு ஆளுங்ககிட்ட இருந்து எப்ப போன் வரும்னு உயிரைக் கையில புடிச்சிட்டு இருக்கறவனுக்கு அந்த பேட்டரி என்ன வெலைன்னு யோசிச்சுப் பாருங்க. இவரு மாமனாருக்குப் போட்டு, ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள ஒடைஞ்சு, குலுங்கிக் குலுங்கி அழுது, பட்டுனு கட் பண்ணிடறாரு. சுத்தி இருக்கறவங்க யாரும் ஒண்ணும் சொல்லல. போன் குடுத்தவரு மறுபடியும் அதே போனைத் திருப்பிக் குடுத்து, இப்படிப் பாதியில விடக்கூடாது, திரும்பக் கூப்பிடுன்னு சொல்றாரு. ரெண்டாவது தடவை! ஒரு தடவை குடுத்ததே பெருசு, அந்தப் பக்கம் வீட்டுல இருக்கற பெரியவரு இந்த அழுகையை மட்டும் கேட்டுட்டு ராத்திரி முழுக்க எப்படி இருப்பாருன்னு, மொகம் தெரியாத ஒரு மனுசனுக்காக யோசிக்கிறாரு பாருங்க அந்த ஆளு. இந்த எடத்துலதான் நான் அழுதேன். இந்த எடத்துலதான் என் பக்கத்துல இருந்தவன் ஃபுல் சார்ஜ்ல இருந்த அவன் செல்லை எடுத்து என்னைப் படம் புடிச்சான்.

ஆம்பளை அழக்கூடாதாம், அதையும் ஒருத்தன் எழுதியிருக்கான். போய்யா. அந்த அப்பா கேரக்டர் அழறாரே, அவரு ஆம்பளை இல்லையா? புள்ளைங்களைத் தேடி அந்த ஓட்டம் ஓடினவரு?

கேலி பண்ணி என்ன கெடைக்குது உங்களுக்குன்னு எனக்கு சத்தியமா புரியல. ஒருத்தன் மனசு எளகி உக்காந்திருக்கற நேரத்துல அவனைக் குத்தணும்னு எப்படிய்யா தோணுது? அடுத்த தடவை அவன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு சாதாரணமா இருக்கற மாதிரி நடிப்பான், அதுக்கடுத்த தடவை படமே பாக்க வரமாட்டான். எனக்குத் தெரிஞ்சு நெறையப் பேரு இப்படித்தான் ஆனாங்க. துக்க வீட்டுல கூட என்ன செய்யறதுன்னு தெரியாம செல்லை நோண்டிட்டு நிக்கறாங்க, அழுதா யாராவது பாத்துடுவாங்களோன்னு.

எல்லாத்தையும் விட எரிச்சல் எது தெரியுமா? நேத்து ராத்திரி பதினொன்னரைக்கு ஒருத்தன்கிட்ட இருந்து தனியா மெசேஜ். "டேய், அந்த போன் சீன்ல நானும் அழுதேன்டா, இருட்டுல யாரும் பாக்கல. யார்கிட்டயும் சொல்லிடாத." யாருன்னு பாத்தா, அந்த வீடியோவுக்குக் கீழ மூணு சிரிப்பு பொம்மை போட்டவன். மூணு! எனக்கு அவன் மேல கோவப்படறதா பாவப்படறதான்னே தெரியல. நீயும் அழுதிருக்க, அதே சீன்ல, அதே சோபால ரெண்டு ஆள் தள்ளி உக்காந்து. அப்ப அந்தப் பொம்மை யாருக்காகடா போட்ட?

அதையே அவனுக்குத் திருப்பி எழுதினேன். இதைக் குரூப்ல சொல்லு, ஒரே ஒரு வரி போதும், நானும் அழுதேன்னு மட்டும் போடுன்னேன். ப்ளூ டிக் விழுந்துடுச்சு. டைப்பிங்னு காட்டுச்சு, நின்னுச்சு, மறுபடி காட்டுச்சு. காலையில எந்திரிச்சதும் மொதல் வேலையா குரூப்பைத் தொறந்து பாத்தேன். வீடியோ அங்கயேதான் இருக்கு, புதுசா ரெண்டு பொம்மை சேர்ந்திருக்கு.