ஒரு நோய் போனால் இன்னொன்று
மாட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் மேய்ப்பவர்களுக்கும் காட்டு விலங்குகளுக்கும் இடையிலான தகராறு தீர்ந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சமவெளியில் நடந்தது வேறு. அங்கே வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்ற வைரஸ் நோய்) மாடுகளோடு வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இன விலங்குகளையும் கொன்றுகொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் காட்டிலும் நோய் அடங்கியது. 1960களின் தொடக்கத்தில் சுமார் 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்ட், 1970களின் இறுதியில் 13 லட்சத்தைத் தொட்டது. சரி, நல்லதுதான். ஆனால் வில்டபீஸ்ட் கன்றுகளிடம் வேறொரு வைரஸ் இருக்கிறது. கன்றுக்கு ஒன்றும் ஆகாது. அதன் மூக்குநீர் பட்ட புல்லை மேய்ந்த மாட்டுக்கோ காய்ச்சல் ஏறும், மூக்கு ஒழுகும், கருவிழி பால் போல வெளுக்கும், அப்புறம் பெரும்பாலும் சாவுதான். அதனால் வில்டபீஸ்ட் கன்று ஈனும் மாதங்களில் அங்கே மாடு மேய்க்கும் மாசாய் மக்கள் மந்தையை அந்தச் சமவெளியிலிருந்து மேட்டுநிலத்துக்கு ஓட்டிப்போகிறார்கள். மழை பெய்து புல் தளதளவென்று இருக்கும் நேரம் பார்த்து! கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒருவர் இப்படி ஓட்டிப்போவதை ‘பழைய பயம்’ என்று எழுதியிருக்கிறார். பயப்படாமல் என்ன செய்வார்கள்? நோய் கண்ட மாட்டைக் காப்பாற்ற மருந்து கிடையாதே. வெக்கை நோய் 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்துவிட்டார்கள்; இந்த ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.