சாமக்கொடைக்கு முன்னால் ஒரு மணி நேரம்

எங்கள் ஊர் சுடலை மாடன் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா, முடிந்து பத்து நாளாகிறது. ஊருக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. கணியான் கூத்துக்காரர்கள் சுடலை பீடத்துக்கு எதிரே வந்து நின்றுவிட்டார்கள். கமிட்டியில் இருக்கும் ஒரு தம்பி வந்து, "அண்ணாவி, பத்தரைக்கு முடிச்சிருங்க. அப்புறம் ஆர்கெஸ்ட்ரா இருக்கு. சாமக்கொடைக்குத் திரும்ப வந்து அடிச்சாப் போதும்" என்றான். சாமக்கொடை என்றால் நடுச்சாமத்துப் பூசை. அண்ணாவிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கோபப்படவில்லை. "சரிங்கய்யா. எதுவரைக்கும் பாடட்டும்? பொறப்போட நிறுத்தவா, மயானத்துக்குப் போறது வரைக்கும் வரணுமா?" என்று கேட்டார். அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் சாமியின் கதை நமக்கே தெரியாமல் போய்விட்டது என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

கணியான் கூத்து பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரிப் பக்கம் சுடலை மாடன், இசக்கி, பேச்சி கோயில்களில் நடக்கும் கூத்து இது. மகுடாட்டம் என்றும் சொல்வார்கள். கதை பாடுகிற அண்ணாவி, பின்பாட்டுக்காரர், மகுடம் அடிக்கிறவர்கள் இரண்டு பேர், பெண் வேடம் கட்டி ஆடுகிற ஆண்கள் இரண்டு பேர், ஒரு ஜால்ரா. இவ்வளவுதான் செட்டு. மேடை கிடையாது, திரை கிடையாது. சாமியைப் பார்த்து நின்றுதான் பாடுவார்கள், ஆடுவார்கள். நாம் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள், அவ்வளவே.

மகுடத்தை ஒரு தடவை பக்கத்தில் போய்ப் பாருங்கள். வட்டமான மரச்சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டியிருக்கும். இரண்டில் ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாகப் பனையோலையைக் கொளுத்தி, அந்தத் தீயில் மகுடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். போதவில்லை என்றால் இன்னும் இரண்டு ஓலை. தோல் சரியாக இறுகிவிட்டால் உச்சத்தில் 'கிண்' என்று ஒரு சத்தம் எழும்பும், உலோகத்தைத் தட்டின மாதிரி. பனி இறங்க இறங்கத் தோல் தளர்ந்துவிடும், மறுபடியும் தீயில் காட்ட வேண்டும். சின்ன வயதில் நான் கூத்து பார்த்ததை விட அந்தத் தீ பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். அந்த ஓலை வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

கதை தொடங்கும்போது அடி மெதுவாக இருக்கும். கைலாயத்து விளக்கின் சுடரிலிருந்து பார்வதி பெற்ற பிள்ளை சுடலை. பால் குடித்தும் பசி அடங்காமல், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் மயானத்துக்குப் போய் எரிகிற பிணத்தைத் தின்கிறான். பிணம் தின்றவனுக்குக் கைலாயத்தில் இடமில்லை என்று சிவன் வரம் கொடுத்துப் பூமிக்கு அனுப்பிவிடுகிறார். அப்புறம் மலையாளக் கரை, மந்திரவாதி காளிப் புலையன், அவன் மகளுக்கு நேர்கிற கொடுமை என்று கதை போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் பழைய அண்ணாவி பாடும்போது ஒன்று கவனித்திருக்கிறேன். இருட்டு கனத்து நடுச்சாமம் நெருங்கும்போது கதையும் சாமி இறங்குகிற இடத்துக்கு வந்திருக்கும். மகுடம் இரண்டும் ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி அடிக்கும். சாமியை அழைக்கிற வருத்துப்பாட்டு ஆரம்பிக்கும்போதே சாமியாடியின் கால் தன்னால் துடிக்கத் தொடங்கும். சல்லடமும் குல்லாயும் கட்டி, கையில் வல்லயம் என்கிற ஈட்டியோடு அவர் ஆடி முடித்து, தீப்பந்தத்தோடு நிஜமான மயானத்தைப் பார்த்துப் போவார். கதையில் வந்த இருட்டும் ஊரில் இருக்கிற இருட்டும் ஒன்றாகிவிடும். இதை யாரும் எழுதிவைத்துச் செய்யவில்லை. பல தலைமுறை ராத்திரிகளில் தானாகக் கூடி வந்த கணக்கு இது.

இந்த வருடம் அந்தக் கணக்கைத்தான் வெட்டிவிட்டோம். பத்தரைக்குக் கூத்து நின்றது. பன்னிரண்டு மணி வரைக்கும் சினிமாப் பாட்டு. அப்புறம் கூத்துக்காரர்களைக் கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் வருத்துப்பாட்டு பாடச் சொன்னார்கள். எங்கள் சாமியாடி என் பெரியப்பாதான். கண்ணை மூடி நிற்கிறார், நிற்கிறார், ஒன்றும் வரவில்லை. சுற்றி நின்றவர்கள் குலவை போட்டுப் போட்டு ஓய்ந்துபோனார்கள். கடைசியில் ஒரு வழியாக ஆடினார். ஆனால் அது எப்போதும் ஆடுகிற ஆட்டம் இல்லை என்று எங்கள் வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து, "கதையே சொல்லாம திடுதிப்புனு கூப்பிட்டா எப்படிலே வருவாரு?" என்றார். குரலில் வருத்தம்தான் இருந்தது.

சாமி வருவதை நம்புகிறவர்களும் இருக்கலாம், நம்பாதவர்களும் இருக்கலாம். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நான் சொல்வது இதுதான்: கூத்து என்பது கொடையில் இடம் நிரப்புகிற பொழுதுபோக்கு இல்லை. கொடையே அந்தக் கூத்துக்குள்தான் நடக்கிறது. அதன் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டால் அதன் உயிரையே பிடுங்கினதாகத்தான் அர்த்தம்.

போலீஸ் அனுமதி ராத்திரி முழுக்கக் கிடைப்பதில்லை என்று கமிட்டியில் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் கிடைக்கிற நேரமே குறைவு என்றால், அந்தக் குறைந்த நேரம் யாருக்குப் போக வேண்டும்? ஆர்கெஸ்ட்ராவை முந்தின நாள் வைத்துக்கொள்ளலாம், மறுநாளும் வைத்துக்கொள்ளலாம். சாமக்கொடையை மறுநாள் சாயங்காலம் வைக்க முடியுமா?

நகரத்து மேடைகளில் நம் கலைகளுக்கு மரியாதை கூடியிருப்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். 2007-ல் சென்னை சங்கமம் தொடங்கியதிலிருந்து நம் கலைஞர்களைத் தலைநகரத்துப் பூங்காக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். வள்ளி ஒயில் கும்மி பத்திரப்பனுக்கு 2024-லும், பறையிசைக்காக வேலு ஆசானுக்கு 2025-லும் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் வீட்டிலேயே ஒருவர் விருது வாங்கின மாதிரி இருந்தது. ஆனால் மேடையில் பதினைந்து நிமிடம் ஆடுவது, தெரியாதவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க மட்டுமே உதவும். அங்கே ஆடுகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார்கள். கோயிலில் சாமியைப் பார்த்து நிற்கிறார்கள். ஊரிலேயே முழுசாக நடக்காத ஒன்றை மேடையில் எத்தனை நாளைக்குச் சுருக்கிக் காட்ட முடியும்? கேரளத்துத் தெய்யம் ஆட்டம் பார்க்க நம்மூர்ப் பையன்கள் கண்ணூருக்கு ரயில் ஏறிப் போய், விடிய விடிய நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். நல்லது, போகட்டும். அந்தப் பொறுமையில் பாதியைச் சொந்த ஊர்க் கோயிலில் காட்டினால் போதும்.

கரகாட்டத்துக்கும் இதே கதிதான். நையாண்டி மேளத்தில் இரண்டு நாயனமும் இரண்டு தவிலும் பம்பையும் சேர்ந்து எழும்பும்போது, தலையில் அடுக்குக் கரகத்தோடு பின்பக்கமாக வளைந்து, தரையில் நிறுத்தின ஊசியைக் கண்ணிமையால் எடுத்த ஒரு அம்மாவை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். கரகம் அசையவில்லை, உச்சியில் இருந்த கிளி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் குடக்கூத்தும் ஒன்று என்று மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். அதே குடத்தைத் தலையில் வைத்து ஆட வந்த பெண்ணிடம் ஆபாசமாகப் பேசச் சொல்லி விசில் அடிக்கிறோம். பெண் வேடம் கட்டுகிற கணியான் கலைஞர்களையும் இப்படித்தான் சீண்டுகிறார்கள். என் முன்னால் நடந்தால் இனிமேல் நான் சும்மா இருக்கமாட்டேன்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு நாற்காலி போட்டு இலையில் பரிமாறினோம். கூத்துக்காரர்களுக்குக் கோயில் மதிலுக்குப் பின்னால் கொடுத்து அனுப்பினோம். முப்பது வயது தம்பியை அறுபது வயது மனிதர் 'அய்யா' என்கிறார், அவனும் அதைச் சாதாரணமாக வாங்கிக்கொள்கிறான். கணியான் சமூகம் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. நம் சாமிக்காகத் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கிறவர்கள் அவர்கள். அந்தக் கைவெட்டு தொடர வேண்டுமா, வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்களை எங்கே உட்காரவைத்துச் சோறு போடுவது என்பதை நாம் இன்றைக்கே முடிவு செய்யலாம்.

"யார் உட்கார்ந்து கேக்கா?" என்று கேட்பவர்களுக்கு என் அக்கா மகனைத்தான் காட்டுவேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கூத்து பத்தரைக்கு நின்றதும் என்னிடம் வந்து, "மாமா, பொணத்தைத் தின்னுட்டு வந்தாருல்லா, அம்மா கண்டுபிடிச்சாளா இல்லையா?" என்று கேட்டான். ஆர்கெஸ்ட்ரா சத்தத்தில் அவன் காதுக்குள் கத்தி மீதிக் கதையைச் சொன்னேன், எனக்குத் தெரிந்த அளவுக்கு. பாதிக்கு மேல் எனக்கும் தெரியவில்லை.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். அடுத்த கொடைக்குக் கூத்து எட்டு மணிக்கே ஆரம்பிக்கட்டும், சாமக்கொடை முடிகிற வரைக்கும் நடுவில் வேறெதுவும் வேண்டாம். சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்போம், கூடுதல் தொகையில் என் பங்காக இரண்டு தலைக்கட்டு வரி, அதாவது இரண்டு குடும்பத்துக்கான வரி, தருகிறேன். சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பந்தி. நாலு பேர் சரி என்றிருக்கிறார்கள், இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், மற்றவர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று அண்ணாவிக்குப் போன் போட்டேன். அடுத்த வருடம் முழுக் கதையும் பாட வருவீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சாமம் வரைக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ ஓலை மட்டும் நெறைய வெட்டிக் காயப் போடச் சொல்லுங்க" என்றார்.