பழைய சுவர்மேல் சிமென்டை அப்பாதீர்கள்!

"பழைய வீடுன்னாலே ஓதம் இருக்கத்தான் செய்யும்" என்று யாராவது அலுத்துக்கொண்டால், அந்த வீட்டுச் சுவரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் புதுசாகச் சிமென்ட் பூசியிருப்பார்கள். செய்வதையும் செய்துவிட்டு, பழி கட்டியவன் மேல்!

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சும். வெயிலும் காற்றும் பட்டால் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் 1, மணல் 4 என்ற கலவையைப் பூசி, பிளாஸ்டிக் பெயின்டையும் அடித்துவிட்டால் தரையிலிருந்து ஏறும் ஈரம் எங்கே போகும்? வீட்டுக்குள்தான். ஒரு மீட்டர் உயரம் வரை உப்புப் பூக்கும், பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பும், தட்டினால் உள்ளே வெற்றிடச் சத்தம் கேட்கும். அதற்கும் வைத்தியம் இன்னொரு கோட்டு சிமென்ட்டாம்!

செங்கல் இடுக்குகளில் புதுச் சாந்து அடைக்கும் பாயின்டிங் வேலை இதைவிடக் கொடுமை. செங்கல்லைவிடச் சாந்து மென்மையாக இருக்க வேண்டும். தேய்வது சாந்தாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கல் தேய்ந்தால் என்ன செய்வீர்கள்? இடுக்கில் சிமென்டை அடைத்தால் ஈரமும் உப்பும் கல் வழியாகவே வெளியேறி, கல்லின் முகம் உரிந்து விழும். சாந்து வரி துருத்திக்கொண்டும் செங்கல் குழிந்தும் இருந்தால் வேறு விசாரணையே வேண்டாம். போதாததற்குக் கட்டிங் மெஷினை விட்டுக் கல்லின் ஓரத்தையும் அறுத்து வைக்கிறார்கள். உளியால், கையால், இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் சுரண்டுங்கள். தூசியைக் கழுவி, நனைத்து, சுண்ணாம்பு 1, மணல் 3 என்ற கலவையை அழுத்தி அடைத்து, ஈரச் சாக்குத் தொங்கவிட்டுச் சில நாள் காயாமல் காப்பாற்றுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும். சீக்கிரம் காய்ந்தால் தூளாக உதிரும். "ரெண்டே நாள்ல முடிச்சுடலாம்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சுவரின் அடியில் வரிசையாகத் துளைகள் இருக்கிறதே, அது அலங்காரமா? மரத்தளத்துக்குக் கீழே காற்று ஓடும் வழி. எலி வருகிறது என்று அதைப் பூசி மூடினால் தளத்தைத் தாங்கும் கட்டைகள் உளுத்துப்போகும். எலிக்கு ஒரு கம்பிவலை போதாதா? கூரையை ஒட்டிய வென்டிலேட்டருக்கும் இதே கதிதான்.

சன்னலைப் பெரிதாக்குகிறேன் என்று மேலே இருக்கும் செங்கல் வளைவை உடைப்பவர்களை என்ன சொல்ல! மேல்சுவரின் பாரத்தைப் பக்கவாட்டுக்குத் தள்ளுவதே அந்த வளைவுதான். அதை எடுத்த பிறகு படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடினால், "அந்தக் காலக் கட்டடம், தரமில்லை" என்கிறார்கள்.

வெளித்தரையை உயர்த்திக்கொண்டே போவது இன்னொரு வியாதி. ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவரின் அடிப்பகுதியில் குறுக்கே போட்டிருக்கும் ஈரத்தடுப்பு அடுக்கு வெளித்தரையிலிருந்து 150 மி.மீ.யாவது மேலே நிற்க வேண்டும். டைல்ஸ்மேல் டைல்ஸ் ஒட்டி அதைப் புதைத்துவிட்டு, சுவருக்குள் ஊசி போட்டு ஈரத்தடுப்பு மருந்து ஏற்றுகிறார்கள். முதலில் மண்ணை வெட்டி எடுங்கள், சிமென்டைப் பெயர்த்துத் தள்ளுங்கள். சுவர் உலர, ஒரு அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கணக்கு. அதுவரை பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.