பயிற்சி முடிந்த மறுநாள் நம் சிறு விவசாயிக்கு யார் துணை?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டோவன்பி போன்ற தோட்டங்களில் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் உழைத்து ஓய்ந்த குடும்பங்கள் பல, இன்று அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று கைக்குக் கிடைத்த நிலத்தில் காய்கறி போட்டுப் பிழைக்கின்றன. அவர்களில் இயற்கை முறையில் பயிர் செய்ய விரும்புகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கென்று அவ்வப்போது பயிற்சிகளும் நடக்கின்றன. காலையில் பதிவு, வரவேற்புரை, திரையில் படங்கள், மதிய உணவு, மாலையில் சான்றிதழ், குழுப்படம் என்று ஒரே நாளில் முடிந்துவிடும் அந்தப் பயிற்சிக்குப் பிறகு, அந்த விவசாயியின் பாத்தியில் என்ன நடக்கிறது என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. ஏற்பாடு செய்கிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனாலும், சிறு விவசாயிக்கு வேண்டியது ஒரு பருவம் முழுக்க நீடிக்கும் கற்றலும், அதன் பின்னும் அறுந்துபோகாத தொடர்பும்தான் என்பதையும், அதை நம் ஊரிலேயே நம் ஆட்களைக் கொண்டே அமைத்துவிட முடியும் என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இரசாயன மருந்தின் கேட்டைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்களில் பலர் நம் வீட்டுப் பெண்கள். நகம் கருத்து உதிர்வது என்றால் என்ன, மூக்கில் இரத்தம் கசிவது என்றால் என்ன என்பதெல்லாம் அவர்கள் உடம்பால் அறிந்த செய்திகள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு 2002ஆம் ஆண்டு அரசாங்கம் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடை விலக்கப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1ஆம் தேதி முதல்தான் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெண்களின் பாதிப்புகளைப் பதிவு செய்து, தெனாகானித்தா போன்ற அமைப்புகள் இடைவிடாமல் குரல் கொடுத்து வந்ததை நாம் மறக்கக்கூடாது. இப்படிப்பட்ட மக்களை உட்கார வைத்து, மருந்து ஏன் கெடுதல் என்று காலைப் பொழுது முழுவதும் விளக்குவது அவர்கள் நேரத்தை வீணாக்குவதாகும். மருந்து வேண்டாம் என்ற முடிவுக்கு அவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள். மருந்தடிக்காமல் கத்திரியைக் கரை சேர்ப்பது எப்படி என்று கேட்டுத்தான் அவர்கள் வருகிறார்கள்.

இந்த நாட்டில் இயற்கை வேளாண்மைப் பயிற்சி நேற்று முளைத்ததன்று. குர்மிட் சிங் தொடங்கிய செட்டெம் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு 1980களிலேயே சுங்கை பூலோவில் பண்ணை வைத்துச் செய்து காட்டியது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்த விஷயத்தைத் தமிழ் மக்களிடம் கொண்டு சேர்த்தது, அச்சங்கத்தின் என்.வி. சுப்பாராவ் மண்புழு உரம், மீன் அமிலம், பஞ்சகவ்யம் என்று ஒவ்வொன்றையும் பள்ளிகளிலும் சிற்றூர்களிலும் தமிழில் செய்முறையாகக் காட்டியதைப் பலர் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். அரசாங்கத் தரப்பில் விவசாய இலாகா, வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி, பாசார் தானி என்னும் உழவர் சந்தைகளை நடத்தும் ஃபாமா என்று நிறுவனங்களுக்கும் பஞ்சமில்லை. வாசல்கள் இருக்கின்றன. அந்த வாசல்களுக்கும் தோட்டப்புறத்து அரை ஏக்கருக்கும் இடையில் பாதைதான் இல்லை.

பாதை இல்லாததால் என்ன ஆகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஓர் அக்கா கத்திரி போட்டிருந்தார். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த செடிகளில் நுனிக்குருத்து மட்டும் திடீரென்று வாடித் தொங்கத் தொடங்கியது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இலைக்கரைசலை அடித்தார். குருத்து வாடுவது நிற்கவில்லை. தண்ணீர் போதவில்லையோ என்று கூடுதலாக ஊற்றினார். பிறகு, நெடுநாளாகக் காய்கறி போட்டுவரும் ஒரு பெரியவர் வந்து, வாடிய குருத்தைக் கிள்ளி நகத்தால் பிளந்து, உள்ளே இருந்த இளஞ்சிவப்பு நிறப் புழுவைக் காட்டினார். தண்டுக்குள் புகுந்துவிட்ட துளைப்பானை மேலே தெளிக்கும் கரைசல் எட்டாது. வாடிய குருத்தைத் துளைக்குக் கீழே வைத்துக் கிள்ளி எடுக்க வேண்டும்; கிள்ளியதைப் பாத்தி ஓரத்தில் போடாமல் அழித்துவிட வேண்டும்; துளை விழுந்த காயையும் அவ்வாறே செய்ய வேண்டும்; வாரம் தவறாமல் செய்ய வேண்டும். அதை அவர் நின்ற இடத்திலேயே சொல்லிக்கொடுத்தார். அந்த அக்காவுக்கு அன்று கிடைத்ததுதான் பயிற்சி என்பது என் எண்ணம். அந்தப் பெரியவரின் பெயர் எந்தப் பயிற்சியின் அழைப்பிதழிலும் இருந்ததில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். நம்மவர்களில் பெரும்பாலோர் இப்போது தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா மூட்டிய ஆர்வம் கடல் கடந்து வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அங்குள்ள மண் வேறு, மழை வேறு. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்கிறது. தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதியில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஜீவாமிர்தம் என்னும் கரைசல் உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் நீரில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண் சேர்த்து 48 மணி நேரம் வைத்திருந்து ஓர் ஏக்கருக்குப் பாய்ச்சுவது அங்கே சொல்லப்படும் அளவு. அளவில் குற்றமில்லை. மதியம் ஊற்றியதை மாலை மழை வடிகாலில் அடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது, பாத்தியை எவ்வளவு உயர்த்துவது, மண்ணை எதைக் கொண்டு மூடி வைப்பது, ஈய லம்பம் (ஈயச் சுரங்கம்) தோண்டிய மணற்பாங்கான நிலத்தில் எரு எத்தனை நாள் தங்கும் என்பதையெல்லாம் அதே மழையில் நனையும் பக்கத்து நிலத்துக்காரர்தான் சொல்ல முடியும்.

மண்ணை மூடி வைக்கும் மூடாக்குக்கு அங்கே வைக்கோல் என்பார்கள். இங்கே செம்பனை ஆலைகளில் பழம் உதிர்த்த வெற்றுக் குலைகள் மலைபோல் கிடக்கின்றன. சாம்பல் சத்து மிகுந்த அந்தக் குலைகள் நல்ல மூடாக்கு. ஆனால் அவற்றைக் குவித்து மட்கவிட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பக்கத்தில் உள்ள தென்னையையும் இளஞ்செம்பனையையும் பதம் பார்த்துவிடும். ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். தெரியாமல் போனால் பக்கத்துக்காரரோடு பகை வளர்க்கக்கூடிய இத்தகைய செய்திகளைத் தமிழ்நாட்டுக் காணொளி எதுவும் நமக்குச் சொல்லப்போவதில்லை.

நமக்கு மிக அருகிலேயே பின்பற்றத்தக்க முன்மாதிரி ஒன்று இருக்கிறது. இந்தோனேசியாவில் புகையான் பூச்சி நெல்லைச் சூறையாடியபோது, மருந்தே அந்தப் பூச்சியின் இயற்கை எதிரிகளைக் கொன்று நிலைமையை மோசமாக்குகிறது என்று தெரியவந்தது. 1986இல் அந்நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு அடிக்கப்பட்ட 57 வகை மருந்துகளுக்குத் தடை விதித்தது. 1989இல் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இருபத்தைந்து பேர் அளவிலான விவசாயிகள் நடவு முதல் அறுவடை வரை வாரம் ஒரு முறை வயலில் கூடுவார்கள். செடிகளை நெருங்கிப் பார்த்து, தீமை செய்யும் பூச்சி எவ்வளவு, நன்மை செய்யும் சிலந்தியும் வண்டும் எவ்வளவு என்று எண்ணுவார்கள். பார்த்ததைப் பெரிய தாளில் வரைவார்கள். அந்த வாரம் என்ன செய்வது என்று பேசி முடிவெடுப்பார்கள். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் அதில் சமமான இடம் உண்டு. ஒரு பருவம் முடியும்போது அவர்களில் சிலர் அடுத்த ஊருக்கு ஆசிரியராகப் போகும் அளவுக்குத் தேறிவிடுவார்கள். இதற்குக் குளிர்சாதன மண்டபம் வேண்டாம், திரை வேண்டாம். ஒரு மரநிழலும், ஒரே பயிரைப் போட்டிருக்கும் சில குடும்பங்களும் போதும்.

தொடர்பு என்று நான் சொல்வது புலனத்தில் (வாட்ஸ்அப்) குழு அமைப்பதோடு நின்றுவிடக்கூடாது. புலனக் குழுவும் பயன்படும். இலையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் படம் எடுத்து, கடந்த இரு வாரங்களில் என்ன செய்தோம் என்பதையும் எழுதி அனுப்பினால் அனுபவசாலி ஒருவர் பதில் சொல்ல முடியும். ஆனால் கைமாறும் பொருள் இருந்தால்தான் தொடர்பு நிலைக்கும் என்று நம்புகிறேன். நெல் ஜெயராமன் அவர்கள் தமிழ்நாட்டில் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய விதைநெல் 2 கிலோ வாங்கிச் செல்லும் விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதையைத் திருப்பித் தர வருகிறவர் தன் அனுபவத்தையும் கூடவே கொண்டு வருவார்; அடுத்தவர் அதைக் கேட்டுக்கொண்டு போவார். நம் வீடுகளில் வெண்டி, பாகல், அவரை, தண்டுக்கீரை விதைகளைப் பாட்டிமார்கள் இன்னும் போத்தலில் சாம்பல் கலந்து வைத்திருக்கிறார்கள். அந்த விதைகளை ஊருக்குள் சுற்றவிட்டாலே பாதி வலையமைப்பு உருவாகிவிடும்.

மாடு வளர்ப்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். தோட்டப்புறத்தில் நம்மவர்கள் காலங்காலமாக மாடு வளர்த்து வருகிறார்கள். ஒரு பக்கம் சாணம் குவிந்து கிடந்து புகார் கிளம்புகிறது. இன்னொரு பக்கம் காய்கறிக்காரர் கோழி எருவை மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிறார். இருவரும் ஒரே கோயில் திருவிழாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

நிலத்தைப் பற்றிப் பேசாமல் இதைப் பேசி முடிக்க முடியாது. நம் சிறு விவசாயிகளில் பலர் தற்காலிக உரிமத்தில் பயிர் செய்கிறார்கள். சிலருக்கு அதுவும் இல்லை. அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும். மறுபடியும் புதுப்பிக்க வேண்டும். மண்ணை வளப்படுத்துவதோ ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவரிடம், மண்ணுக்கு உயிரூட்டுங்கள் என்று சொல்வதில் நியாயமில்லை. தனி ஒருவர் நில அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதைவிட, ஒரே வட்டாரத்தில் பயிர் செய்யும் குடும்பங்கள் பதிவேடுகளோடு ஒன்றாகச் சென்று நீண்டகாலக் குத்தகை கேட்பது எவ்வளவோ மேல். பயிற்சித் திட்டங்களில் நில ஆவணங்களுக்கும் ஓர் அமர்வு ஒதுக்குவதை நான் இதுவரை கண்டதில்லை.

சான்றிதழ் விஷயமும் இதோடு தொடர்புடையதே. விற்பனைக்கு வரும் பொட்டலத்தில் ‘ஆர்கானிக்’ என்று எழுத வேண்டுமானால் எம்.எஸ். 1529 என்னும் மலேசியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். விவசாய இலாகாவின் மைஆர்கானிக் சான்றிதழ் அதற்கான வழி. மண், நீர் பரிசோதனை உண்டு. என்ன இட்டோம், எப்போது இட்டோம், எவ்வளவு அறுத்தோம் என்று பதிவேடு எழுத வேண்டும். விண்ணப்பப் பாரங்கள் மலாய்மொழியில் இருக்கும். வேலையில் கெட்டிக்காரரான ஒருவர் எழுத்து வேலைக்கு அஞ்சி ஒதுங்கிவிடுகிறார். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளை ஒன்று வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. அதுவரைக்கும், விவசாயிகளும் வாங்குகிறவர்களும் ஒருவர் நிலத்தை ஒருவர் போய்ப் பார்த்து உறுதி அளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறையை உள்ளூர் அளவில் பழகிக்கொள்ளலாம். இந்தியாவில் அரசாங்கமே அந்த முறையை ஏற்று நடத்துகிறது. இங்கே அது மைஆர்கானிக்குக்கு ஈடாகாது. ஆனாலும் பதிவேடு எழுதும் பழக்கமும், நம் காயை வாங்குகிறவர் நம் நிலத்தைக் கண்ணால் பார்க்கும் பழக்கமும் அதனால் வரும். தவுக்கே (வியாபாரி) சொல்வதே விலை என்ற நிலைமை சற்றாவது மாறும்.

இவ்வளவையும் சுங்கை சிப்புட்டில் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், இதே ஊரில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரத் தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி என்று கட்டிச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளால் வாரம் ஒரு காலை ஒரு கத்திரிப் பாத்தியைச் சுற்றிக் கூட முடியாதா?

என் முன்மொழிவு எளிமையானது. மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் உள்ள குடும்பங்கள், முதல் பருவத்துக்குக் கத்திரியை மட்டும் பொதுப்பயிராக வைத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒருவர் நிலத்தில், வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரம் கூட வேண்டும். மாவட்ட விவசாய இலாகா அதிகாரியை மண்டபத்துக்கு அழைக்காமல் நிலத்துக்கே அழைக்க வேண்டும். முறையாகக் கேட்டால் வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். மலாயில் அவர் சொல்வதைத் தமிழில் சொல்லவும், பதிவேடு எழுதவும் இளையோர் இருவர் வேண்டும். பெண்கள் வரக்கூடிய நேரமாகவும் அது அமைய வேண்டும். பாத்தியில் பாதி வேலைக்கு மேல் செய்கிறவர்கள் அவர்கள்தாம்.

சுங்கை சிப்புட், சாலாக், கோலகங்சார் பக்கம் பயிர் செய்கிறவர்கள், நிலம் எந்தப் பகுதியில் இருக்கிறது, இப்போது என்ன போட்டிருக்கிறீர்கள், வாரத்தில் எந்த நாள் காலை வர இயலும் என்ற விவரங்களை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மாடு வைத்திருப்பவர்கள் சாணம் எவ்வளவு தர முடியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முதல் கூடலுக்கு வருகிறவர்கள் வீட்டில் இருக்கும் விதையில் ஒரு பிடி கொண்டு வர வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.