அந்த அம்மாவைத் திட்டி முடித்துவிட்டீர்களா?

நிவாரண முகாமில் ஒரு அம்மா தன் பிள்ளையை அடிக்கும் வீடியோவை இதுவரை ஏழெட்டுப் பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள், ஆளுக்கொரு அழுகை எமோஜியோடு. "கடலூர்தானே, தெரிஞ்சவங்களா?" என்று விசாரிப்பு வேறு. தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

பிள்ளையை அடித்தது தப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதி படித்துவிட்டு "அப்போ அடிக்கிறது சரியா மேடம்?" என்று ஒருத்தர் வருவார். தப்புதான். ஆனால் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் முதலில் பெற்றவளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். படம் பிடித்தவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அந்தக் குழந்தையைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருக்கலாம். கை சும்மாதானே இருந்தது?

2004 சுனாமிக்கு அப்புறம் நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். படகு, வலை எல்லாம் போய்விட்டது. அப்பா காலையில் சித்தப்பாவைத் தேடிப் போனால் இருட்டித்தான் வருவார். ஒருநாள் தம்பி யாரிடமும் சொல்லாமல் கடலைப் பார்க்கப் போய்விட்டான். திரும்பி வந்தவனை அம்மா விளக்குமாற்றால் அடித்த அடியில் ஈர்க்கெல்லாம் சிதறி விழுந்தது. அதுவரை அவனை அதட்டிக்கூடப் பார்த்ததில்லை. பக்கத்துப் பாயில் இருந்த ஆயா எழுந்து வந்தது. அம்மாவைத் திட்டவில்லை. "நீ போயி தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுப் படு. பயலை நான் பாத்துக்கிறேன்" என்று விளக்குமாற்றை வாங்கிப் போட்டது. அம்மா அன்றைக்குச் சாயங்காலம் வரை தூங்கினாள். அந்த முகாமில் அப்புறம் அவள் கை ஓங்கவில்லை. இன்றைக்காக இருந்தால் என் அம்மாவும் வைரல்தான்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பீர்கள். சரி, 2024 டிசம்பருக்கு வருகிறேன். ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை எங்கள் தெருவுக்குள் வந்தது. நாங்கள் போன மண்டபத்தில் பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு துப்பட்டாவைக் கிழித்துக் கதவில் கட்டி, உள்ளே ஒருத்தி, வெளியே அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி. ராத்திரி வயசுப் பெண்ணை வைத்திருந்த அம்மாக்கள் யாரும் கண்மூடவில்லை. சோற்று வரிசை, ஈரத்துணி, காய்ச்சல் பிள்ளை, குடித்துவிட்டு வரும் வீட்டுக்காரர், இதற்கு நடுவில் பொறுமை எங்கிருந்து வரும்? ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வருமா?

"முதலில் சோறு தண்ணி, பெற்றவர்களுக்கு ஆலோசனையெல்லாம் பிறகு" என்று விவரமானவர்களே சொல்கிறார்கள். இது நியாயமான பேச்சுதான். ஆனால் ஏன் ஒன்றுக்குப் பின் ஒன்று? சிரியாவில் போர் நடந்தபோது, இந்த மாதிரி நேரத்தில் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அச்சடித்த தாளை ரொட்டியோடு சேர்த்தே பெற்றோருக்குக் கொடுத்தார்கள். குழந்தைகள் மீதான வன்முறையைத் தடுக்க உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 2016-ல் சொன்ன ஏழு வழிகளில் பெற்றோருக்குக் கைகொடுப்பதும் ஒன்று. நம் முகாமிலும் பொட்டலம் வருகிறது. அதோடு ஒரு தாளும், பிள்ளைகள் விளையாட ஒரு மூலையும், அங்கே உட்கார ஒரு அங்கன்வாடி அக்காவும் கேட்டால் பேராசையா?

"நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்" கோஷ்டிக்குப் பதில் கிடையாது. நீங்கள் வளர்ந்த லட்சணம்தான் கமெண்டில் தெரிகிறதே.

"குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லியிருக்கலாமே?" சொல்லலாம், தொடர்ந்து நடந்தால் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் வீடியோவைப் பரப்பிய ஒருவராவது அந்த எண்ணை அழுத்தினாரா? பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. முகம் பளிச்சென்று தெரிய, மேலே சோகப் பாட்டு வேறு போட்டிருக்கிறீர்கள். இதுதான் அக்கறையா?

இன்னொன்று. முந்நூறு கமெண்ட் இருக்கும். "இதெல்லாம் ஒரு தாயா", "பிள்ளை பெத்துக்க லைசன்ஸ் வேணும்". அப்பன் எங்கே என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்கவில்லை. என் நண்பர்கள் பட்டியலில் இருப்பவர்களும் அங்கே லைக் போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன். போன வெள்ளத்தில் என் வீட்டுக்கு பிரெட் கொண்டு வந்தவர்களும் அதில் உண்டு. அதுதான் வலிக்கிறது.

அடுத்த கேள்வி தெரியும்: "உங்களுக்குப் பிள்ளை இருக்கா மேடம்?" இருக்கிறது, இரண்டு. அந்த மண்டபத்தில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டேன். நீங்கள் எந்த முகாமில் தங்கியிருந்தீர்கள், சார்?